பிடித்தோம், விட்டோம்: கரியமில வாயுவின் கதை

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது, ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றியும், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்ததைப் பற்றியும் எழுத நம் செட்டிலேயே என்னைவிட நல்ல பேனாக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால், சென்ற முறை நாம் கூடியபோது பாதியில் நின்றுபோன ஒரு வாக்குவாதத்தை இங்கே முடித்து வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

அங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெயிலைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. பூமி சூடாகிறது, நிலக்கரியை எரிக்கக்கூடாது என்றெல்லாம் போயிற்று. 12ஆம் நம்பர் அறைக்காரருக்கு (இயற்பியல் வகுப்பு, அனல் மின் நிலையத்தில் 34 ஆண்டு) கோபம் வந்துவிட்டது.

"எதுக்குடா எரிக்கக்கூடாது? புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிடிச்சு, பூமிக்கு அடியில கொண்டுபோய்ப் போட்டுட்டா முடிஞ்சுது. விஞ்ஞானம் வழி கண்டுபிடிச்சிடுச்சு."

27ஆம் நம்பர் அறைக்காரர் (கணக்கு, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்) விடவில்லை. "அதெல்லாம் நிலக்கரி விக்கிறவன் சொல்ற கதை. எவ்வளவு டன் பிடிச்சான், எவ்வளவு செலவாச்சு, கணக்கைக் காட்டச் சொல்லு."

இரண்டு பேரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். "நீதானேடா உரத் தொழிற்சாலையில அந்த வாயுவோட குடும்பம் நடத்தினவன். நீ சொல்லு." நல்லவேளையாக அந்த நேரம் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். தப்பித்தேன். அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சுண்ணாம்பு நீரில் ஊதியது

நம்மில் வேதியியல் படித்தவர்கள் மட்டுமல்ல, பி.யூ.சி.யில் முதல் குரூப், இரண்டாம் குரூப் எடுத்த எல்லோருமே கரியமில வாயுவைப் பிடித்தவர்கள்தான். லேப்பில் டெஸ்ட் டியூபில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாய் வழியாக ஊதினோம். நீர் பால்போல மாறியது. நம் மூச்சிலிருந்த வாயு சுண்ணாம்போடு சேர்ந்து சாக்குத் தூளாகிவிட்டது. ஆர்வக்கோளாறில் தொடர்ந்து ஊதிக்கொண்டே போனால் அது மறுபடியும் தெளிந்துவிடும். டெமான்ஸ்ட்ரேட்டரிடம் திட்டு வாங்க வேண்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1750களில் இதையே செய்தார். சுண்ணாம்புக்கல் போன்றவற்றைச் சூடாக்கினால் ஒரு காற்று வெளியே வருகிறது, அதே காற்றைச் சுண்ணாம்பு திரும்பவும் உள்வாங்கிக்கொள்கிறது என்று எடை போட்டுக் காட்டினார். கல்லுக்குள் நிலைத்திருந்த காற்று என்பதால் அதற்கு 'நிலைத்த காற்று' என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் நடந்ததும் அதுதான். சுட்டால் வாயு போகும், நீற்றிச் சுவரில் பூசினால் காலப்போக்கில் திரும்ப வந்து சேரும்.

ஆக, பிடிப்பது என்பது பெரிய வித்தையே அல்ல. பிடித்ததை மறுபடி விடுவித்துச் சுத்தமாக எடுப்பதற்கு வேண்டிய சூடும், எடுத்ததை எங்கே வைப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியுமே பெரிய விஷயங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான் வரும்.

நாங்கள் விட்ட வாயு

1978இல் பட்டம் வாங்கிய கையோடு நான் ஓர் உரத் தொழிற்சாலையில் டிரெயினியாகச் சேர்ந்தேன். அம்மோனியா பிளாண்டில் வேலை. நாப்தாவையோ இயற்கை எரிவாயுவையோ நீராவியோடு சேர்த்து உடைத்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். கூடவே கரியமில வாயுவும் ஏராளமாக வரும். அதை நீக்காவிட்டால் அடுத்த கட்டத்தில் வினையூக்கி கெட்டுப்போகும். ஆகவே ஓர் உயரமான கோபுரத்தில் வாயுவைக் கீழிருந்து மேலே அனுப்புவோம், பொட்டாசியம் கார்பனேட் கரைசல் மேலிருந்து கீழே மழைபோல இறங்கும். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அது அப்சார்பர். அந்தக் கரைசலைப் பக்கத்துக் கோபுரத்துக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினால் பிடித்ததை விட்டுவிடும். அது ஸ்ட்ரிப்பர். வெளியே வருவது ஏறக்குறைய சுத்தமான கரியமில வாயு. கரைசல் திரும்பவும் முதல் கோபுரத்துக்குப் போகும். நாள் முழுக்க, வருடம் முழுக்க இதே சுழற்சிதான்.

இந்தக் கரியமில வாயுவை அம்மோனியாவோடு சேர்த்தால் யூரியா. ஒரு டன் யூரியாவுக்கு ஏறக்குறைய முக்கால் டன் வாயு வேண்டும். ஆனால் யூரியா பிளாண்ட் எப்போதாவது டிரிப் ஆகிவிடும். அப்போது அம்மோனியா பிளாண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வாயு எங்கே போகும்? வென்ட் வால்வைத் திறந்து மேலே விட்டுவிடுவோம். நைட் ஷிப்டில் அந்த இரைச்சல் காலனி வரைக்கும் கேட்கும். மறுநாள் காலையில் என் மனைவி, "ராத்திரி யூரியா நின்னு போச்சா?" என்று கேட்பாள். சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு நீராவி செலவழித்து, எவ்வளவு கவனமாகப் பிரித்தெடுத்த வாயு அது! வாங்க ஆள் இல்லையென்றால் ஆகாயத்துக்குத்தான். அது தவறு என்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. விஷ வாயு அல்லவே, சோடாவில் இருப்பதுதானே என்று இருந்துவிட்டோம்.

1930லேயே வந்துவிட்ட உத்தி

ஓய்வு பெற்ற பிறகு படித்துப் பார்த்தபோதுதான் நாங்கள் செய்த வேலையின் வயது தெரிந்தது. அமீன் என்ற வகைக் கரைசலைக் கொண்டு வாயுக்களிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது 1930இல். அதே அப்சார்பர், அதே ஸ்ட்ரிப்பர். இன்று புகைபோக்கியில் வாயு பிடிக்கும் பெரிய ஆலைகளில் பெரும்பாலானவை அந்த முறையின் பேரன், கொள்ளுப்பேரன்தான். கடலுக்கடியில் மாதக்கணக்கில் இருக்கும் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில், மாலுமிகள் விடும் மூச்சைச் சுத்தம் செய்வதும் அமீன் கரைசல்தான்.

பிரித்ததை மண்ணுக்குள் செலுத்துவதும் புதிதல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்கரி என்ற மாவட்டத்தில் ஒரு பெரிய எண்ணெய் வயல் இருக்கிறது. 1972 ஜனவரியில் அங்கே கரியமில வாயுவை உள்ளே செலுத்த ஆரம்பித்தார்கள். அதுவரை எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலைகள் வெளியே விட்டுக்கொண்டிருந்த வாயுவை 300 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்தார்கள். பூமியைக் காப்பாற்றவா? இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை அந்த வாயு இளக்கி வெளியே தள்ளும். கிணறு கூடுதலாக எண்ணெய் கொடுக்கும். வாயுவில் ஒரு பகுதி உள்ளேயே தங்கியும்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1980களில் டெக்சாஸ் எண்ணெய்க்காரர்கள் கொலராடோவில் பூமிக்கடியில் இயற்கையாகத் தேங்கியிருக்கும் கரியமில வாயுவைத் தோண்டி எடுத்து, சுமார் 800 கிலோமீட்டர் குழாயில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். புகைபோக்கியில் பிடிப்பதைவிட அது மலிவு. மேலே வீணாகப் போவது ஒருபுறம் இருக்க, அடியில் சிவனே என்று கிடந்ததைத் தோண்டி எடுத்தார்கள்.

1977இல் இத்தாலிய விஞ்ஞானி செசாரே மார்செட்டி, மின் நிலையங்களின் கரியமில வாயுவைப் பிடித்து, ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ஆழ்கடலுக்கு இறங்கும் நீரோட்டத்தில் கலந்துவிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். தட்பவெப்பத்தைக் காப்பதற்காகவே பிடித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அச்சில் வந்த ஆரம்ப காலக் கட்டுரைகளில் அது ஒன்று. கடலில் கரைத்தால் கடல் அமிலமாகும் என்பதால் அந்த வழி பின்னால் கைவிடப்பட்டது. நாம் பட்டம் வாங்கிய 1978ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் டிரோனா என்ற இடத்தில், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 800 டன் கரியமில வாயுவை அமீன் கரைசலால் பிடித்து, சோடா ஆஷ் தயாரிக்கப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

12ஆம் நம்பர் நண்பரே, கேட்டுக்கொள்ளுங்கள். "வழி கண்டுபிடிச்சிடுச்சு" என்றீர்கள். நாம் பட்டமளிப்பு கவுன் போட்டுக்கொண்டு நின்ற அன்றே வழி இருந்தது. அந்த ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் எடுத்த அளவுப்படி காற்றில் 10 லட்சத்துக்கு 335 பங்கு கரியமில வாயு. 2024இல் 424 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280தான். வழி இருந்தும் ஏன் யாரும் போகவில்லை?

ஒரு வரி செய்த வேலை

விடை வடகடலில் இருக்கிறது. நார்வே நாட்டின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் கிடைக்கும் வாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. வாங்குகிறவர்கள் 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள். ஆகவே பிரித்தே ஆக வேண்டும். வழக்கம்போல் மேலே விட்டிருப்பார்கள். ஆனால் 1991இல் நார்வே அரசு கடலில் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. அப்போதைய கணக்கில் டன்னுக்குச் சுமார் 50 டாலர். அரசுக்கு வரி கட்டுவதைவிட மண்ணுக்குள் செலுத்துவது மலிவு என்று கம்பெனி கணக்குப் போட்டது. 1996இல் ஆரம்பித்தார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், கடல் தரைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், உட்சிரா என்ற மணற்பாறைக்குள்.

அங்கே எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். ஏதோ குகைக்குள் அடைப்பதாக நினைக்க வேண்டாம். மணற்பாறை என்பது நம் ஆற்று மணல் மாதிரி, துகள்களுக்கு நடுவே உப்புநீர் ஊறி நிற்கும். 800 மீட்டருக்குக் கீழே போனால் அழுத்தத்தால் கரியமில வாயு திரவம்போல அடர்த்தியாகிவிடும். கொஞ்ச இடத்தில் நிறைய அடங்கும். மேலே களிமண் பாறை மூடிபோல உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாயு துகள்களின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பிறகு உப்புநீரில் கரையும், மிக நீண்ட காலத்தில் ஒரு பகுதி கல்லாகும். ஒலி அலைகளை அனுப்பி ஸ்லைப்னரில் வாயு எங்கெங்கே பரவியிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. மூடி தாங்குகிறது.

எல்லா இடமும் ஸ்லைப்னர் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவில் இன் சாலா என்ற இடத்தில் 2004இல் ஆரம்பித்தார்கள். மேலே பாலைவனத் தரை சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் காட்டியது. மூடிப் பாறை தாங்குமா என்ற சந்தேகத்தில் 2011இல் நிறுத்திவிட்டார்கள். நார்வேயிலேயே ஸ்னோவிட் என்ற இன்னொரு வயலில், எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியதால் 2011இல் வேறு பாறை அடுக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டிலும் பெரிய கசிவு என்று எதுவும் இல்லை. ஆனாலும் பூமிக்கடியில் இருப்பதைத் துளை போட்டு உள்ளே போகிறவரை முழுதாக அறிய முடியாது. போர் போட்டுத் தண்ணீர் பார்த்த நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பயம் வேண்டாமா என்றால், கொஞ்சம் வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தேங்கும், மூச்சை அடைக்கும். 1986 ஆகஸ்டில் காமரூன் நாட்டில் நியோஸ் ஏரியின் அடியிலிருந்து இயற்கையாகவே ஒரே இரவில் வெளிவந்த கரியமில வாயு சுமார் 1,700 பேரைப் பலி வாங்கியது. அது எரிமலை ஏரி. சேமிப்புக் கிடங்கு அல்ல. ஆனால் 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற ஊருக்கருகே இந்த வாயுவைக் கொண்டுபோகும் குழாய் மழையில் மண் சரிந்து உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கார்கள்கூட ஓடாமல் நின்றுவிட்டன. குழாய் போடுகிறவர்கள் ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

மின் நிலையங்களின் கணக்கு

இனி 27ஆம் நம்பர் நண்பருக்காக. எரிவாயு வயலிலும் உரத் தொழிற்சாலையிலும் கரியமில வாயுவை எப்படியும் பிரித்தே தீர வேண்டும். அந்தச் செலவு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. நிலக்கரி மின் நிலையத்தில் அப்படி இல்லை. புகையில் 12 முதல் 15 சதவீதம்தான் கரியமில வாயு. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அழுத்தமும் கிடையாது. தூசியும் கந்தகமும் கரைசலைக் கெடுக்கும். ஸ்ட்ரிப்பருக்கு வேண்டிய நீராவியை டர்பைனிலிருந்துதான் எடுக்க வேண்டும். உலக நாடுகளின் தட்பவெப்ப விஞ்ஞானிகள் குழு 2005இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, இந்த ஏற்பாடு உள்ள மின் நிலையத்துக்கு 10 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் எரிசக்தி வேண்டும் என்றது. மின்சாரத்தை விற்கிறவன் தன் கடைச் சரக்கையே தின்று தீர்ப்பது போலத்தான் இது.

அனுபவம் என்ன சொல்கிறது? கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் பவுண்டரி டேம் நிலக்கரி மின் நிலையத்தில் 2014 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்பது திட்டம். 2023 தொடக்கம் வரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது சுமார் 50 லட்சம் டன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெம்பர் என்ற புதிய நிலையம். 750 கோடி டாலர் வரை செலவு ஏறி, 2017இல் நிலக்கரியையும் வாயு பிடிப்பதையும் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. 2021இல் அந்தக் கட்டுமானத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே 2017 ஜனவரியில் டெக்சாஸில் பெட்ரா நோவா ஆரம்பமாயிற்று. சொன்ன நேரத்தில், சொன்ன செலவில் முடித்தார்கள். பிடித்த வாயுவைச் சுமார் 130 கிலோமீட்டர் குழாயில் எண்ணெய் வயலுக்கு அனுப்பினார்கள். 2020இல் கொரோனாவோடு எண்ணெய் விலை விழுந்தது. மே மாதம் நிறுத்தினார்கள். விலை தேறிய பிறகு 2023 செப்டம்பரில் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். இயந்திரம் கெட்டா நின்றது? வாங்க ஆள் இல்லாமல் நின்றது. எங்கள் யூரியா பிளாண்ட் டிரிப் ஆன கதைதான்.

உலகம் முழுவதும் இன்று இருக்கும் எல்லா ஆலைகளும் சேர்ந்து ஆண்டுக்குப் பிடிக்கக்கூடியது சுமார் 5 கோடி டன். எரிபொருளை எரித்து உலகம் ஆண்டுக்கு வெளியேற்றுவது 3,700 கோடி டன்னுக்கு மேல். 365ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 கோடி டன். ஆக, நூறு வருடப் பழைய உத்தியால் ஓர் ஆண்டு முழுக்கப் பிடிப்பதை, உலகம் காலை முதல் மாலைக்குள் வெளியே விட்டுவிடுகிறது. பிடிப்பதிலும் பெரும்பகுதி எண்ணெய் எடுக்கத்தான் போகிறது.

நம் நாட்டில்

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இயற்கை எரிவாயுவை மூலப்பொருளாக வைத்தால், அம்மோனியா அளவுக்கு ஈடாகக் கரியமில வாயு கிடைக்காது. யூரியாவுக்குச் சற்றுக் குறையும். நாங்கள் மேலே விட்ட சரக்கு, பிற்காலத்தில் தட்டுப்பாடாகிவிட்டது! உத்தரப் பிரதேசத்தில் ஆன்லாவிலும் பூல்பூரிலும் உள்ள இஃப்கோ உரத் தொழிற்சாலைகளில் 2006இல் ஜப்பானிய மிட்சுபிஷி முறையில் ஆலைகள் வந்தன. ரிபார்மர் புகையிலிருந்து ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 450 டன் பிடித்து யூரியாவுக்குக் கொடுத்தன. பத்தாண்டுக்குப் பிறகு டெக்சாஸ் பெட்ரா நோவாவில் போட்டதும் அதே மிட்சுபிஷி முறைதான். அமெரிக்காவுக்கு முன்னால் நம்மவர்கள் ஓட்டிப் பார்த்த சங்கதி என்றால் மிகையாகாது.

நம் தூத்துக்குடியிலும் உண்டு. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்த கார்பன் கிளீன் என்ற நிறுவனத்தின் புதுக் கரைசலைக் கொண்டு, அங்குள்ள அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரி பாய்லரில் ஆண்டுக்கு 60,000 டன் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் ஏற்பாடு 2016இல் வந்தது. மானியம் இல்லாமல் என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பெருமைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். யூரியாவை வயலில் போட்டால் சில நாட்களில் பிரிந்து, அதிலிருக்கும் கரியமில வாயு காற்றுக்கே போய்விடுகிறது. சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் அங்கேயும் வெளிவரும். இது வாயுவுக்கு இன்னொரு வேலை கொடுத்து அனுப்புவதே தவிர, பூட்டி வைப்பது அல்ல. பயன்படுத்துவதையும் சேமிப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இனி என்ன?

எனக்குத் தெரிந்தவரை இதன் எதிர்காலம் நிலக்கரிப் புகைபோக்கியைவிடச் சிமெண்ட் சூளையில்தான் அதிகம். மின்சாரத்துக்கு சூரியன் உண்டு, காற்று உண்டு. சிமெண்டுக்கு? சூளையை எதைக்கொண்டு சூடாக்கினாலும், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஜோசப் பிளாக் பார்த்த காற்று வெளியே வந்தே தீரும். சிமெண்ட் தொழிலின் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அந்தக் கல்லிலிருந்து வருவதுதான்.

நார்வேயில் பிரேவிக் என்ற ஊரின் சிமெண்ட் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அங்கே வெளிவருவதில் ஏறக்குறைய பாதி, பிடிக்கும் ஆலை 2025 ஜூனில் திறக்கப்பட்டது. அதைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, மேற்குக் கரையில் ஓய்கார்டன் என்ற இடத்தில் இறக்கி, நூறு கிலோமீட்டர் குழாயில் கடலுக்குள் கொண்டுபோய், தரைக்கு 2,600 மீட்டர் கீழே செலுத்துகிறார்கள். முதல் வாயு 2025 ஆகஸ்டில் உள்ளே போயிற்று. பல நாட்டுத் தொழிற்சாலைகள் காசு கொடுத்துத் தங்கள் வாயுவை ஒப்படைக்கலாம் என்பது ஏற்பாடு. ஊர்க் குப்பையை வண்டி வந்து எடுத்துப்போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவில் பெரும்பகுதி நார்வே அரசின் கையிலிருந்து.

ஐஸ்லாந்தில் இன்னும் அழகான ஒன்று நடக்கிறது. வாயுவைத் தண்ணீரில் கரைத்து, அதாவது சோடாவாக்கி, எரிமலைக் கருங்கல்லுக்குள் செலுத்துகிறார்கள். 2012இல் செலுத்தியதில் 95 சதவீதம் இரண்டே ஆண்டுகளில் கல்லாகிவிட்டதாக 2016இல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. நம் டெஸ்ட் டியூபில் நடந்தது, பாறைக்குள் நடக்கிறது! நம் தக்காணப் பீடபூமியும் இதே வகைக் கருங்கல்தான் என்பதால் இங்கேயும் ஆராய்கிறார்கள். ஆனால் அந்த முறைக்கு ஒரு டன் வாயுவுக்கு இருபது டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாம் அதையும் யோசிக்க வேண்டும்.

காற்றிலிருந்தே நேராகப் பிடிக்கும் இயந்திரங்களும் ஐஸ்லாந்தில் 2021 முதல் ஓடுகின்றன. காற்றில் 10,000 மூலக்கூறுகளுக்கு நாலுதான் கரியமில வாயு. புகைபோக்கியிலேயே பிடிக்காமல் விட்டுவிட்டு, பிறகு ஆகாயத்தில் தேடிப் பிடிப்பது எவ்வளவு செலவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். 12ஆம் நம்பரே, வழி இருக்கிறது என்றீர்கள், சரி. ஆனால் அந்த வழி இருக்கிறது என்பதையே காரணமாக வைத்து இன்னும் எரிக்கலாம் என்றீர்களே, அது தவறு. வழி இருந்த ஐம்பது ஆண்டுகளும் நாம் அப்படித்தான் எரித்தோம். 27ஆம் நம்பரே, கணக்கைக் காட்டு என்றீர்கள். காட்டினேன், உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் எல்லாமே ஏமாற்று என்றால், ஸ்லைப்னரில் முப்பது வருடமாக உள்ளே இருக்கும் வாயுவுக்கு என்ன பதில்? எண்ணெய்க்காரன் வாங்கிய இடத்தில் இது ஓடியது. அரசு வரி போட்ட இடத்தில் ஓடியது. யாரும் காசு கொடுக்காத இடத்தில், உத்தி கையில் இருந்தும் வென்ட் வால்வுதான் திறந்தது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணுக்குள் வைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச்சலுகை என்று வந்த பிறகுதான் அங்கே புதுத் திட்டங்கள் வரிசையில் நின்றன. இதில் வேதியியல் பாதி, மீதி பாதி வரவு செலவு.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். முப்பத்தாறு வருட சர்வீசில் நான் எத்தனை முறை அந்த வால்வைத் திறந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. ஷிப்ட் ரிஜிஸ்டரில் 'யூரியா டிரிப், வாயு வெளியேற்றம்' என்று என் கையெழுத்தில் எழுதியவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அதிலே பெரும்பகுதி இன்னும் காற்றிலோ கடலிலோதான் இருக்கிறது. எங்கும் போய்விடவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, சட்டப்படிதான் செய்தோம். ஆனால் நம் கல்லூரி லேபில் இன்றைக்கும் பிள்ளைகள் சுண்ணாம்பு நீரில் ஊதுகிறார்கள். இந்த மலரைப் படிக்கும் வேதியியல் பேராசிரியர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். நீர் பால்போல மாறியதும் "இதுதான் கரியமில வாயுவுக்கு டெஸ்ட்" என்று சொல்லி டியூபைக் கழுவச் சொல்லிவிடாதீர்கள். "பிடிச்சாச்சு, இனி இதை எங்கே வைப்பே? யார் செலவு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூடுகையில் வேப்பமரத்தடியில் சந்திப்போம். 12ம் 27ம் பதிலோடு வரவும்.